சீட்டில் எரியும் குடிசை

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கலையும் அரசியலும் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஓவியன் இல்லை. சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினவன், தட்டி எழுதினவன், அவ்வளவுதான். ஆனால் மூன்று மாதமாக ஒரு விஷயம் மனசுக்குள்ள கெடந்து அரிச்சுக்கிட்டிருக்கு. அத உங்ககிட்ட இறக்கி வைக்கலாம்னு வந்திருக்கேன்.

ஓவியக் கல்லூரியில் படிக்கிற ஒரு பொண்ணு, கீழத்தஞ்சைச் சேரியில் பிறந்தவள், ஒரு துணிப்பையோடு என்னைத் தேடி வந்தாள். பையில் 22 அட்டைகள். எல்லாம் அவளே வரைந்தது. டாரட் சீட்டு. டாரட்னா என்னன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். செல்போன்ல வருதே, சீட்ட எடுங்க, காதல் கைகூடுமா, விசா கெடைக்குமான்னு. நம்ம பஸ் ஸ்டாண்டு கிளி ஜோசியத்தோட வெள்ளைக்கார அக்கா. முழுக்கட்டில் 78 சீட்டு. அதில் 22 படச்சீட்டுகள்தான் பெரிய சீட்டுகள்: பேரரசன், நீதி, தலைகீழாகத் தொங்குகிறவன், மரணம், கோபுரம் இப்படி.

அந்தப் பொண்ணு என்ன பண்ணியிருந்தான்னா, 22 சீட்டையும் நம்ம வரலாறா மாத்தியிருந்தா. பேரரசன் சீட்டில் மிராசுதார். தலைகீழாகத் தொங்குகிறவன் சீட்டில் மரத்தில் கட்டப்பட்ட பண்ணையாள், பக்கத்தில் சவுக்கும் சாணிப்பால் கரைத்த குவளையும். நீதி சீட்டில் உயர்நீதிமன்றம். கோபுரம் சீட்டில் ஒரு கூரைக் குடிசை எரிகிறது. எந்தக் குடிசைன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணி, ராமையாவின் குடிசை, உள்ளே 44 பேர்.

எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. நல்ல கோடு, நல்ல கறுப்பு. புத்தகக் கண்காட்சியில் ஆயிரம் கட்டு போட்டால் விற்குமே, இயக்கத்துக்கு நிதி ஆகுமே என்றுகூடக் கணக்குப் போட்டேன். ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எங்க அம்மாவுக்கு எண்பதுக்குப் பக்கம். ஆயுசு பூரா வயல்ல நின்னவங்க. வெண்மணி சேதி வந்தப்ப அவங்க சின்னப் பொண்ணு, பக்கத்து வட்டாரம். தெருவெளக்கு வெளிச்சத்துல ஒவ்வொரு சீட்டா கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தாங்க. குடிசைச் சீட்டு வந்ததும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க:

“இத வச்சிக்கிட்டு யாருக்குத் தம்பி குறி சொல்லப் போறாங்க?”

எனக்குப் பதில் தெரியல. “இந்தச் சீட்டு வந்தா நல்லதா, கெட்டதா?” அடுத்த கேள்வி. சீட்டுகளோடு அந்தப் பொண்ணு ஒரு சின்னக் கையேடும் எழுதி வைத்திருந்தாள். எடுத்து வாசித்தேன். கோபுரச் சீட்டு வந்தால் திடீர் மாற்றம் வரும், பழையது சரியும், அச்சம் வேண்டாம், உடைவிலிருந்து விழிப்பு பிறக்கும் என்று இருந்தது. டாரட் புத்தகங்களில் உள்ள அர்த்தம்தான், அவள் கண்டுபிடித்ததில்லை.

அம்மா சொன்னாங்க: “சரியும்னா? அதுவாவா சரிஞ்சுது?”

இந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். தமிழில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். குடிசை எரிந்தது என்றால் தன்வினை. குடிசையை எரித்தார்கள் என்றால் எரித்தவன் ஒருவன் வாக்கியத்துக்குள் வந்து நிற்கிறான். அவனைக் கூண்டில் ஏற்றலாம். குறி சொல்லும் சீட்டு எதுவாக இருந்தாலும், நம்ம கிளிச் சீட்டோ ஐரோப்பாவின் டாரட்டோ, அது எல்லாவற்றையும் தன்வினையாக மாற்றிவிடுகிறது. வரும், போகும், சரியும், பிறக்கும். செய்தவன் இல்லை. ‘வினை’ என்ற அதே சொல்லை மதமும் எடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்வினைப்படி சேரியில் பிறந்தாய், ஆகவே மிதிபடு. அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார். முற்பிறவிக் கர்மத்தால்தான் ஏழை ஏழையாக இருக்கிறான் என்ற கொள்கைக்கு, ஏழையின் நிலைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அரசும் சமூகமும் கைகழுவிக்கொள்வதைத் தவிர வேறென்ன பயன் இருக்க முடியும் என்று கேட்கிறார். அந்த நூல் அவர் இறந்த பிறகு 1957இல் வந்தது.

வெண்மணியில் நடந்தது என்ன? கூலி அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். சங்கம் வைத்தார்கள், செங்கொடி ஏற்றினார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் கோபாலகிருஷ்ண நாயுடு தலைமையில் எதிரே நின்றது. தாக்க வந்த கூட்டத்துக்குப் பயந்து பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். வெளியிலிருந்து தீ வைத்தார்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. ஏராளமான நிலமும், காரும் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்து போய் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப அந்தத் தீர்ப்பால் முடியவில்லை.

இப்போது டாரட்டின் கோபுரச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வானத்திலிருந்து மின்னல் விழுகிறது, கோபுரம் தீப்பிடிக்கிறது, இரண்டு பேர் கீழே விழுகிறார்கள். மின்னலுக்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா, பட்டா உண்டா? அந்தப் பொண்ணு குடிசையை மட்டும் மாற்றி வரைந்துவிட்டு மின்னலை அப்படியே விட்டிருந்தாள். தீ வைத்த கை தீர்ப்பிலும் இல்லை, சீட்டிலும் இல்லை. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வடிவம் அவளை அங்கே தள்ளிக்கொண்டு போய்விட்டது.

எங்க வீட்டுக் கதை ஒண்ணும் இதுல இருக்கு, அதையும் சொல்லிடறேன். எழுபதுகள்ல ஒரு அறுவடை. கூலித் தகராறு. ராத்திரி சங்கக் கூட்டம். எங்கப்பா சந்தைக்குப் போனவரு, கிளி ஜோசியக்காரன்கிட்ட நாலணாவக் குடுத்துட்டு உக்காந்துட்டாரு. கிளி எடுத்துப் போட்ட சீட்டுல சனீஸ்வரன். நாலு பேரு கூடற எடத்துக்குப் போகாதேன்னுட்டான். அப்பா போகல. போனவங்க மேல கேஸு போட்டாங்க, அதுல எங்க அம்மாவோட கூடப்பொறந்தவரும் ஒருத்தர். ஜோசியம் பலிச்சிருச்சின்னு அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. அம்மா இன்னைக்கு வரைக்கும் அத மன்னிக்கல.

அதனால் டாரட்டை நான் வெறும் விளையாட்டு என்று பார்க்கத் தயாராயில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அது பிறந்தது விளையாட்டாகத்தான். பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் வீட்டில் ஆடிய சீட்டாட்டம். அது எகிப்தின் ரகசிய ஞானம் என்று பாரிஸில் ஒருவர், கூர் த ஜெபலின், 1781இல் எழுதினார். ஆதாரம் கிடையாது. அதற்குப் பிறகுதான் குறி, சகுனம், ஆன்மிகம் எல்லாம் அதன்மேல் ஏறின.

தலைகீழாகத் தொங்குகிறவன் சீட்டைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒற்றைக் காலில் கட்டி, தலை கீழே தொங்குகிற ஆள். பழைய இத்தாலியில் அந்தச் சீட்டுக்குப் பெயரே ‘துரோகி’. அன்றைய இத்தாலிய நகரங்களில் ஒரு வழக்கம் இருந்தது: அரசுக்குத் துரோகம் செய்தவன், கடன் கட்டாமல் ஓடியவன் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் உருவத்தைப் பொதுச் சுவரில், தலைகீழாகத் தொங்குவதுபோல் வரைந்து வைப்பார்கள். ஊரே பார்த்துச் சிரிக்க வேண்டும். ஃபுளோரன்ஸில் 1440இல் இப்படி வரைந்த ஓவியர் ஆந்திரேயா தெல் கஸ்தாஞோவுக்குத் ‘தூக்கிலிட்டவர்களின் ஆந்திரேயா’ என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் 1412இல் போப்புக்கும் படைத்தலைவர் முஸியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்ஸாவுக்கும் பகை வந்தபோது, ரோம் நகரத்தில் ஸ்ஃபோர்ஸாவை ஒற்றைக் காலில் தொங்கவிட்டு வரையச் சொன்னார் போப். அவர் மகன் பிரான்செஸ்கோ பின்னால் மிலான் பிரபு ஆனார். இன்று மிஞ்சியிருக்கிற மிகப் பழைய டாரட் கட்டுகளில் ஒன்று அந்தக் குடும்பத்துக்காகச் செய்தது. அந்தக் கட்டிலும் இந்தத் தொங்குகிற ஆள் இருக்கிறான்.

ஆக, அரசியல் வன்முறையின் படம்தான் அது. பிறகு 1909இல் லண்டனில் வந்த கட்டு, இன்றைக்கு உலகம் பூரா ஓடுகிற கட்டு, அதில் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிட்டது. அவன் முகத்தில் துன்பம் இல்லை, ஆழ்ந்த லயிப்புதான் என்று கட்டை உருவாக்கிய வெயிட் தன் நூலில் விளக்கமும் கொடுத்துவிட்டார். இப்போது அந்தச் சீட்டு வந்தால் பொறுமை, சரணாகதி, புதிய பார்வை என்கிறார்கள். ஐந்நூறு வருஷத்தில் அவமானம் ஞானமாகிவிட்டது. (அந்தக் கட்டின் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். பெரிய வேலை, சொற்பக் காசு என்று அவரே நண்பருக்கு எழுதியிருக்கிறார். ரொம்ப காலம் அந்தக் கட்டு பதிப்பாளர் பெயராலும் வெயிட் பெயராலும்தான் வழங்கியது. கூலிப் பிரச்சினை சீட்டுக்கட்டிலும் இருக்கிறது.)

சவுக்கடியும் சாணிப்பாலும் இன்னும் நூறு வருஷத்தில் ‘பொறுமை’ என்று ஆகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நூறு வருஷம் எதற்கு? கையேட்டில் அந்தப் பண்ணையாள் சீட்டுக்கு ‘காத்திரு’ என்று இப்போதே எழுதியிருந்தது.

இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அவ சும்மா கேட்டுக்கிட்டு உக்காரல. நல்லா சண்டை போட்டா.

“தோழர், உங்க துண்டறிக்கைய யாரு படிக்கறா? வாங்கிட்டு பஜ்ஜி மடிக்கறான். சீட்டுன்னா கையில வாங்கிப் பாப்பான். பாத்தா கேப்பான், இது என்ன குடிசைன்னு.”

அதுக்கு மேல இன்னொண்ணு கேட்டா. தசாவதாரக் கஞ்சிபா கேள்விப்பட்டிருக்கீங்களான்னு. வட்டமான சீட்டு, கையால வரையறது, மராட்டியத்துல சாவந்த்வாடி, வங்காளத்துல விஷ்ணுபூர் இங்கெல்லாம் உண்டு. பத்து அவதாரம், பத்து இனம், இனத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120 சீட்டு. அதுல வாமனன் ஒரு இனம், பரசுராமன் ஒரு இனம். “பலிராஜாவ மிதிச்சதையும், பரசுராமன் வெட்டிக் குவிச்சதையும் படையெடுப்போட வரலாறுன்னு ஃபுலே 1873லயே ‘குலாம்கிரி’யில எழுதிட்டாரு. அந்த வலிய அவங்க காலகாலமா சீட்டாடிட்டிருக்காங்க. நாம வரைஞ்சா மட்டும் தப்பா?”

சபாஷ் என்றுதான் சொன்னேன். ஆனால் ஒன்று கேட்டேன். அந்தக் கஞ்சிபாவில் சீட்டின் ராஜா யார்? வாமனன். மிதித்தவன்தான் ராஜா. மிதிபட்டவன் பெயரில் இனம் கிடையாது. அமெரிக்காவில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற வெள்ளையர் கூட்டம், பிணத்தோடு படமெடுத்து அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றது, உறவுக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டது. நம்மைப் போன்றவர்களின் பிணத்தை முதலில் அட்டையாக்கியவன் கொன்றவன்தான். ஆகவே நாம் அட்டை செய்யும்போது ரெண்டு மடங்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதே அமெரிக்காவில் 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை மிசிசிப்பியில் அடித்துச் சிதைத்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். உடல் சிகாகோவுக்கு வந்தது. அவன் அம்மா மேமி டில் பெட்டியை மூட விடவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்பது அவர் முடிவு. ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். கறுப்பர்களின் பத்திரிகையான ‘ஜெட்’ அந்த முகத்தை அச்சிட்டது. கொன்றவர்களை வெள்ளை ஜூரி விடுதலை செய்தது. அடுத்த வருஷமே அவர்கள் ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று பேட்டி கொடுத்தார்கள்.

அறுபத்திரண்டு வருஷம் கழித்து, 2017இல், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் டானா ஷூட்ஸ் என்ற வெள்ளை ஓவியர் அந்த முகத்தை வண்ணத்தில் வரைந்து மாட்டினார். பார்க்கர் பிரைட் என்ற கறுப்பு இளைஞர் ஓவியத்துக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றார். ஹன்னா பிளாக் என்ற கலைஞர், அந்த ஓவியத்தை அழித்துவிட வேண்டும் என்றே பகிரங்கக் கடிதம் எழுதினார். நானும் ஒரு தாய் என்ற நிலையிலிருந்து வரைந்தேன், விற்க மாட்டேன் என்றார் ஷூட்ஸ். படத்தை அழி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மறைத்துக்கொண்டு நின்றவர் கேட்டது சரியான கேள்வி. மேமி டில் காட்டியது சாட்சியம். எப்போது, எங்கே, யார் முன்னால் என்பதை அந்தத் தாய் தீர்மானித்தார். அருங்காட்சியகத்தில் அதைத் தீர்மானித்தது வேறு ஆட்கள்.

நம்ம பக்கமும் இது நடந்ததுதான். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. வெண்மணிதான் களம். மிராசுதாரின் ஆண்மைக் குறைபாடுதான் தீயின் வேர் என்று ஒரு மனோதத்துவ முடிச்சு போட்டது அது. அரைப்படி நெல் எங்கே போச்சு, சாதி எங்கே போச்சு? பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் எடுத்தபோது அந்த ஊர்க்காரர்களையே பேச வைத்தார். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“அப்ப நான் டானா ஷூட்ஸா? நான் நம்ம பொண்ணுதானே தோழர்?” என்று கேட்டாள். கண்ணு கலங்கிப் போச்சு அவளுக்கு.

இல்லம்மா, நீ நம்ம பொண்ணுதான். நானும் நம்ம ஆளுதான். அப்படி நெனச்சுத்தான் நான் ஒரு காரியம் பண்ணினேன். தொண்ணூறுகளில் ஒரு ஊரில் சாதிவெறியர்கள் வெட்டிக் கொன்ற ஒருவரின் உடலைப் படமாகப் போட்டுச் சுவரொட்டி அடித்தோம். பசை காய்ச்சினது நான்தான். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, மூத்திரச்சந்து, ஒரு எடம் விடல. பத்து நாள் கழிச்சு அவரோட சம்சாரம் எங்கள தேடி வந்தாங்க. “வண்டிக்கு நிக்கற எடத்துலயெல்லாம் எங்க வீட்டுக்காரரு கிழிஞ்சு தொங்கறாரு. அவரு மேல ஒண்ணுக்குப் போறானுவோ. நான் எப்புடிய்யா பஸ்ஸு ஏர்றது?” அன்னைக்கு ராத்திரி பூரா வாளித் தண்ணியும் தேங்கா நாருமா தேச்சுத் தேச்சு எடுத்தோம். முழுசா வரல. சில சுவத்துல அந்த மழைக்காலம் வரைக்கும் இருந்துச்சு.

அந்தம்மா படமே போடக் கூடாதுன்னு சொல்லல. கேட்டிருந்தா கல்யாணத்துல எடுத்த போட்டோவக் குடுத்திருப்பேன்னாங்க.

இந்த இடத்தில் அவளுக்கு இன்னொரு சீட்டுக்கட்டின் கதையைச் சொன்னேன். 1940-41 குளிர்காலம். பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்துவிட்டது. மார்செய் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில், தப்பிப் போக விசாவுக்குக் காத்துக்கிடந்த கலைஞர்கள், ஆந்த்ரே பிரெத்தோன், விக்தர் பிராவ்னர், ஆப்பிரிக்க-சீன வம்சாவளி கியூபர் விஃப்ரெடோ லாம் இன்னும் சிலர், சேர்ந்து ஒரு கட்டு வரைந்தார்கள். ராஜா, ராணி, மந்திரி எல்லாரையும் தூக்கி எறிந்துவிட்டு மேதை, கடற்கன்னி, மந்திரவாதி என்று வைத்தார்கள். நான்கு இனங்கள்: காதல், கனவு, புரட்சி, அறிவு. புரட்சிக்கு அடையாளம் ரத்தம் தோய்ந்த சக்கரம். அதில் மெக்சிகோவின் பாஞ்சோ வியா இருக்கிறார். வேட்டையாடப்பட்டவர்கள் அவர்கள், ஆனால் தங்களை வேட்டையாடியதை வரையவில்லை. துணைக்கு யார் வேண்டுமோ அவர்களை வரைந்துகொண்டார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மாளிகையில் காத்திருந்தவர்களும் குடிசைக்குள் மாட்டியவர்களும் ஒன்றில்லை. ஆனால் யோசிக்க வேண்டிய வழி ஒன்று அங்கே இருக்கிறது.

இப்ப விஷயம் எங்க நிக்குதுன்னா, கையேட்டை அவள் கிழித்துப் போட்டுவிட்டாள். பலன் கிடையாது, குறி கிடையாது. படங்களை விட மாட்டேன் என்கிறாள். மின்னலை எடுத்துவிட்டுத் தீப்பந்தம் பிடித்த கையை வரைந்திருக்கிறாள், கையில் கடிகாரம் கட்டியிருக்கிறது. பார்த்தேன், பயமாக இருந்தது. அச்சடிக்கலாமா என்று கேட்கிறாள். நீயும் நானும் முடிவு பண்ற விஷயமில்லை, ஊருக்குக் கொண்டு போவோம் என்று சொல்லியிருக்கிறேன். நினைவுத் தூணில் பேர் இருக்கிற குடும்பங்களின் திண்ணையில் சீட்டுகளைப் பரப்பி வைப்போம். போடு என்று சொல்லலாம், போடாதே என்று சொல்லலாம், எங்கள வச்சுத் தொழில் பண்றீங்களான்னு வெரட்டலாம்.

“குறி சொல்லும்மா, கேப்போம்னு அவங்களே சொல்லிட்டா?” என்று கேட்டாள். அப்படிச் சொன்னால் இவ்வளவு நேரம் உங்களிடம் பேசியதையெல்லாம் நான் மடித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிசம்பர் 25 அன்று போகவில்லை. அன்றைக்கு மைக்கும் தலைவர்களும் கொடிகளும் இருக்கும், யாரும் நம்மிடம் உட்கார்ந்து பேச முடியாது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ்வேளூர் வரைக்கும் போய் அங்கேருந்து பஸ்ஸு. பத்து பேருக்கு மேல் வேண்டாம். வர்றவங்க கூட்டம் முடிஞ்சதும் பேரு குடுங்க. மத்தியானச் சோறு அவங்கவங்க கட்டிக்கிட்டு வந்துடணும், அங்க போயி யாரையும் ஒலை வைக்க விடக் கூடாது.